மாருதி 800 முன்பக்க புஷ்: வீட்டு வாசலில் வைத்தே மாற்றுவது எப்படி

என் மாருதி 800-க்கு லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் உடம்போடு சேர்க்கும் கீழ்த்தண்டு) புஷ்ஷை நானே மாற்றிய முதல் தடவை, வேலை முடிந்த கையோடு பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒர்க்‌ஷாப் வாசலையே மிதிக்க வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டேன். சத்தம் இல்லை, பிரேக் பிடித்தால் இழுக்கவில்லை, ஸ்டீரிங் நேராக நின்றது. ஐந்தாவது மாதம் அதே 'டொக்' திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் புத்தம்புது ரப்பர் வட்டமாகக் கிழிந்து நடுக்குழாய் தனியே ஆடிக்கொண்டிருக்கிறது. மட்டமான சாமான் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே, அந்தக் கிழிந்த புஷ்ஷோடு மேலப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்து ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்தார்.

"நட்டை முறுக்கும்போது டயரு தரையில நின்னுச்சா, தொங்குச்சா தம்பி?"

"தொங்குச்சு அண்ணாச்சி."

"அப்ப கடைக்காரர எதுக்கு ஏசுதிய?"

கழற்றுவதும் மாட்டுவதும் பொறுமை இருந்தால் யாருக்கும் வந்துவிடும். அண்ணாச்சி கேட்ட அந்த ஒரு கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம்.

புஷ் என்பது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத சாமான். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே அதைவிடச் சின்னதாக இன்னொரு குழாய், இரண்டுக்கும் நடுவில் ரப்பர், அவ்வளவுதான். ரப்பர் இரண்டு குழாயோடும் ஒட்டியபடி வார்க்கப்பட்டிருக்கும். வெளிக்குழாய் லோயர் ஆர்மின் ஓட்டையில் இறுகி உட்காரும். உள்குழாய் வழியாகப் போகிற போல்ட்டை முறுக்கியதும் அந்தக் குழாய் வண்டியின் உடம்போடு இறுகிவிடும். அப்புறம் சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் எதன் மேலும் உரசிச் சுற்றாது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக் கொடுத்து, மறுபடி தன் இடத்துக்குத் திரும்பும். அதனால்தான் இதற்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். இன்னும் சொன்னால் பெட்ரோலியம் சார்ந்த எண்ணெயோ கிரீஸோ பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பி இளகிப் போகும். ஓசை கேட்கிறது என்று புஷ் மேல் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் சத்தம் இருக்காது, அதன்பிறகு புஷ்ஷே இருக்காது.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும், வெயிலும் காற்றும் பட்டு இறுகி வெடிக்கும். மாருதி 800 முதன்முதலாக 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்தது, 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தினார்கள். ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. "தாத்தா வண்டி, ஷெட்டுலயே கிடந்தது, முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று சொல்லி விற்கிற வண்டியிலும் புஷ் வயசானதுதான்.

எந்த புஷ் எங்கே இருக்கிறது

800-ன் முன்பக்க அமைப்பு கொஞ்சம் வேடிக்கையானது. பல கார்களில் லோயர் ஆர்ம் 'ஏ' எழுத்து மாதிரி இரண்டு காலோடு இருக்கும். இதிலோ ஒற்றைத் தண்டு, உள்பக்கம் ஒரே ஒரு புஷ், வெளிப்பக்கம் பால் ஜாயிண்ட் (எல்லாப் பக்கமும் திரும்பிக் கொடுக்கும் உருண்டை மூட்டு). ஒற்றைத் தண்டு மட்டும் என்றால் சக்கரம் முன்னேயும் பின்னேயும் ஓடிவிடுமே, அதைப் பிடித்து நிறுத்துவது யார்? குறுக்கே ஓடுகிற ஸ்டெபிலைசர் பார்தான். வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் ஒரு வேலை. அதன் முனை ஆர்ம் வழியாக நுழைந்து நட்டுப் போட்டு இறுக்கப்பட்டிருப்பதால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் போகாமல் தாங்குவதும் அதுவேதான். எனவே இந்த வண்டியில் ஸ்டெபிலைசர் புஷ் போனால் 'வளைவில் கொஞ்சம் சாயும், பார்த்துக்கலாம்' என்று விட முடியாது. பிரேக் போட்டதும் ஒரு பக்கம் இழுக்கும்.

ஆக, மாற்ற வேண்டியவை: லோயர் ஆர்ம் உள்புஷ் பக்கத்துக்கு ஒன்று, ஸ்டெபிலைசர் பாரின் முனையில் ஆர்முக்கு முன்னும் பின்னும் வருகிற புஷ்கள், பாரை பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்ப்புக்குள் இருக்கும், ஆங்கில 'D' எழுத்து வடிவ டி புஷ் பக்கத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி மிச்சம் பிடித்தால், அடுத்த மாதம் மறுபடி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியிருக்கும்.

முதலில் புஷ்தானா என்று பாருங்கள்

முன்பக்கம் 'டொக்' என்று கேட்டாலே புஷ் என்று முடிவுகட்ட வேண்டாம். பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு (ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் தண்டின் முனை), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்டிங் என்று எது போனாலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். ஆளில்லாத இடத்தில் மெதுவாகப் போய்ச் சுருக்கென்று பிரேக் பிடியுங்கள், அப்புறம் ரிவர்ஸில் அதையே செய்யுங்கள். இரண்டு தடவையும் ஒவ்வொரு 'டொக்' வந்தால் புஷ் மேல் சந்தேகப்படலாம். வேகத்தடை ஏறி இறங்கும்போது மட்டும் வந்தால் வேறு இடத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடத்தில் கையை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். 9, 3 இருக்கும் இடத்தில் மட்டும் ஆடினால் டை ராடு பக்கம். இரண்டிலும் ஆட்டம் இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது என்றால் டயரைத் தரையில் இறக்கி ஒரு ஆளை விட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லிவிட்டு, புஷ்ஷை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்முக்கும் பாடிக்கும் இடையில் டயர் லிவரை வைத்து நெம்பினால் நல்ல புஷ் இறுக்கமாகக் கொஞ்சம் கொடுத்துத் திரும்பும், போன புஷ் தளதளவென்று ஆடும். ரப்பரில் மேலாக மயிரிழை வெடிப்பு இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வெடிப்பு ஆழமாகப் போயிருக்கிறதா, ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு. 'கிரீச்' என்கிற சத்தம் என்றால் இன்னும் சுலபம். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வண்டியை அமுக்கிப் பாருங்கள், எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

டயரையும் ஒரு பார்வை பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஆர்ம் தன் இடத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அலைன்மெண்ட் மட்டுமே கெட்டிருந்தாலும் இப்படித் தேயும்.

சாமான் வாங்கும்போது

புஷ் மட்டும் வாங்கலாம், பால் ஜாயிண்ட், புஷ் எல்லாம் சேர்ந்த முழு ஆர்மாகவும் வாங்கலாம். பால் ஜாயிண்ட்டில் கொஞ்சமாவது ஆட்டம் இருந்தால், அல்லது அதன் ரப்பர் உறை கிழிந்து மண் போயிருந்தால், யோசிக்காமல் முழு ஆர்மை வாங்கிவிடுங்கள். பிரஸ்ஸில் வைத்துப் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுகிற பாதி வேலை மிச்சம். பால் ஜாயிண்ட் நன்றாக இருந்தால் புஷ் மட்டும் போதும்.

கடைக்குப் போகும்போது பழைய அளவு கையில் இருக்க வேண்டும். வெர்னியர் இருந்தால் வெளிவிட்டம், நீளம், உள்குழாயின் ஓட்டை மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதிய புஷ்ஷின் உள்குழாயில் ஒரு ஸ்பேனர் பிடியை விட்டு அழுத்திப் பாருங்கள், ரப்பர் குழாயை விட்டுப் பிரிகிற மாதிரி இருந்தால் வாங்காதீர்கள். பாலியூரித்தேன் புஷ் என்று சிவப்பு, மஞ்சள் நிறத்தில் ஒன்று விற்கிறார்கள். அது வேறு ஜாதி. அதில் குழாய் பாலியூரித்தேனோடு ஒட்டியிருக்காது, உள்ளே சுற்றும், அதனால் சிலிகான் கிரீஸ் போட்டே ஆக வேண்டும். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்குச் சரி. மாஞ்சோலை மலை ரோட்டில் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து பேசும். சாதாரண வண்டிக்கு ரப்பரே நல்லது என்பது என் கட்சி. ரப்பர் தோட்டமே பக்கத்தில் குலசேகரத்தில் இருக்கிறது, நமக்கு என்ன குறை!

இடமும் சாமான்களும்

சமமான கான்கிரீட் தரை வேண்டும். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மண் முற்றத்தில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். வேறு வழியே இல்லை என்றால் அடியில் அகலமான தடித்த பலகை போட்டு வையுங்கள். பணகுடி, வள்ளியூர்க்காரர்கள் ஆனி ஆடியில் இந்த வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. கணவாய்க் காற்று வாரி அடிக்கிற மண் முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற உங்கள் கண்ணில்தான் விழும். எந்த மாதமானாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துருத்தூள் கொட்டும்.

தேவையானவை: ஜாக்கி, ஒரே அளவான இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், கைப்பிடியை நீட்டிக்க ஒரு இரும்புப் பைப், டயர் லிவர், சுத்தியல், வயர் பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, புதிய கோட்டர் பின்கள் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பிப் பின்), டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் ஸ்பேனர்). டார்க் ரெஞ்சு இல்லையென்றால் யாரிடமாவது ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். இன்னொன்று, சக்கரத்துக்கு அடியில் வைக்க அகலமான நான்கு கட்டைகள். நான் பழைய வீட்டு உத்தரத்தில் மிஞ்சிய பனங்கட்டையை அறுத்து வைத்திருக்கிறேன், அதைவிட உரமானது எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கட்டைகள் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். ஸ்டாண்டுக்குப் பதிலாக முட்டுக் கொடுக்க மட்டும் இவற்றை எடுக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் எதுவுமே கூடாது. 800 என்னதான் சின்ன வண்டி என்றாலும் சுமார் 650 கிலோ. ஹாலோ பிளாக் உடையும்போது முன்கூட்டியே சத்தம் கொடுக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

முதல் நாள் சாயங்காலமே எல்லா நட்டு போல்ட்டையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து ஸ்பிரே அடித்துவிடுங்கள், ராத்திரி முழுக்க ஊறட்டும். புது புஷ் மேல் மட்டும் அது படக்கூடாது. கடற்கரை ஊர் வண்டி என்றால் இரண்டு நாள் ஊறவிட்டாலும் தப்பில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் தண்ணீரில் நின்ற நண்பர் ஒருவரின் வண்டியில், போல்ட்டும் உள்குழாயும் துருவில் ஒன்றாகி, தலையைத் திருப்பினால் ரப்பரோடு சேர்ந்து சுற்றியதே தவிர வெளியே வரவில்லை. கடைசியில் ஹேக்சா பிளேடை இடுக்கில் விட்டு போல்ட்டையே அறுத்தோம். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம். அப்படி ஆகலாம் என்று நினைத்து, புது போல்ட்டும் நட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குவது

சித்திரை வைகாசியில் விடிந்ததும் ஆரம்பித்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் இரும்பில் கை வைக்க முடியாது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வையுங்கள். கியரில் போட்டிருக்கிறேனே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இது முன் சக்கரத்தில் ஓடுகிற வண்டி, முன்பக்கத்தைத் தூக்கியதும் கியர் எதையும் பிடித்து நிறுத்தாது. வண்டியை நிறுத்திவைப்பது பின்பக்க ஹேண்ட் பிரேக்கும் அடைகட்டையும்தான்.

வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கிவிட்டுத் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கி வேலை செய்யலாமே என்று தோன்றும். கூடாது. ஒரு சக்கரம் தரையிலும் இன்னொன்று தொங்கியும் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி நிற்கும், நட்டைக் கழற்றும் நேரத்தில் விருட்டென்று அடிக்கும், திரும்ப மாட்டும்போது ஓட்டைக்கு நேரே வராது. இரண்டு பக்கத்தையும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நிறுத்தியபின் வண்டியின் தோளில் கை வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள், விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் போவதற்கு முன்னால் விழட்டும். கழற்றிய சக்கரங்களை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால் இன்னொரு காவல்.

கழற்றுவது

முதலில் போனை எடுத்து நாலா பக்கமும் படம் பிடியுங்கள். வாஷரின் குழிந்த பக்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது, டி புஷ்ஷின் வெட்டு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, போல்ட் தலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் மூன்று மணி நேரம் கழித்து ஞாபகம் இருக்காது.

ஸ்டெபிலைசர் முனையில் கோட்டர் பின் இருந்தால் அதைப் பிடுங்கிவிட்டு நட்டை எடுங்கள். கிளாம்ப் போல்ட்டுகளைக் கழற்றிப் பாரைக் கீழே இறக்கிவிடுங்கள். அடுத்து பால் ஜாயிண்ட். அதன் தண்டை நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) ஒரு போல்ட் குறுக்கே கவ்விப் பிடித்திருக்கும், தண்டில் அதற்கென்று ஒரு பள்ளமும் இருக்கும். அதனால் அந்த போல்ட்டை இளக்கினால் போதாது, முழுவதும் உருவ வேண்டும். இது தெரியாமல் நான் முதல் தடவை அரை மணி நேரம் சுத்தியலால் அடித்தேன். உருவியபின் நக்கிளின் பிளவில் ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவரைச் செருகி லேசாக விரித்துவிட்டு, ஆர்மைக் கீழே நெம்பினால் வந்துவிடும். கடைசியாக உள்பக்க பெரிய போல்ட்.

ஆர்ம் வந்ததும் நக்கிள் சும்மா ஊசலாடும். அதை வெளிப்பக்கம் இழுக்காதீர்கள், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயிண்ட் விலகிவிட்டால் புஷ் வேலை கியர் பாக்ஸ் வேலையாகிவிடும். பிரேக் ஹோஸ் இழுபடவும் கூடாது. கெட்டிக் கம்பியால் நக்கிளை அதன் இடத்திலேயே கட்டி வையுங்கள்.

பழைய புஷ்ஷை எடுப்பதும் புதியதை ஏற்றுவதும்

வீட்டில் செய்யலாம், ஆனால் எனக்கு இதில் வீம்பு கிடையாது. ஆர்மைத் தூக்கிக்கொண்டு ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிற லேத்துப் பட்டறைக்குப் போய்விடுவேன், டீ குடித்துத் திரும்புவதற்குள் முடிந்துவிடும். பட்டறையில் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, பழைய புஷ் எவ்வளவு ஆழத்தில், எந்தத் திசையில் இருந்ததோ அதே மாதிரி புதியதும் உட்கார வேண்டும் (எடுப்பதற்கு முன்பே மார்க்கர் போட்டு வையுங்கள்). இரண்டு, அழுத்தம் முழுவதும் வெளிக்குழாயின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். நடுக்குழாயிலோ ரப்பரிலோ அமுக்கினால் ஒட்டு அங்கேயே விட்டுவிடும், பார்த்தால் தெரியாது, மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

வீட்டில்தான் செய்வேன் என்றால், பெரிய பெஞ்ச் வைஸும் இரண்டு சாக்கெட்டும் வேண்டும். புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிட ஒரு நூல் சின்ன சாக்கெட் தள்ளுவதற்கு, அதைவிடப் பெரியது மறுபக்கம் புஷ் வந்து விழுவதற்கு. வரவே வராத புஷ்ஷுக்கு, ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு வெளிக்குழாயை ஹேக்சா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் அறுத்தால் இறுக்கம் விட்டுவிடும். குழாயைத் தாண்டி ஆர்மின் ஓட்டையில் பிளேடு கோடு போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பரைக் கொளுத்தி எடுக்கிறவர்கள் உண்டு. புகை நெஞ்சுக்கு ஆகாது, தெருவே நாறும், ஆர்ம் பெயின்ட் எரிந்து அடுத்த மழைக்கே துரு ஏறும்.

ஓட்டையை எம்ரி பேப்பரால் பளபளவென்று தேய்த்துத் துடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது, அதனால்தான் சோப்பு. புஷ்ஷை ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கி லேசாக ஏறும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. 40 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் 40 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அதற்காக மீன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து வீட்டில் ஏச்சு வாங்குவதற்கு நீங்கள் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது, அப்புறம் அந்த நட்டு

கழற்றியதற்குத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வாருங்கள். உள்பக்க போல்ட்டைக் கையால் திருப்பி நட்டு உட்காருகிற வரைக்கும்தான், அதற்கு மேல் இப்போது வேண்டாம். பால் ஜாயிண்ட் போல்ட்டில் ரப்பர் சம்பந்தப்படாததால் அதை மட்டும் இப்போதே கணக்குப்படி முழுவதும் முறுக்கலாம். ஸ்டெபிலைசர் முனை, கிளாம்ப் எல்லாம் லேசாக மட்டும்.

இப்போது சக்கரத்தை மாட்டி, வீல் நட்டுகளை முறுக்கி, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டு, பனங்கட்டைகளைப் பக்கத்துக்கு இரண்டாக முன் சக்கரங்களுக்கு அடியில் படுக்க வைத்து வண்டியை அவற்றின் மேல் இறக்குங்கள். கட்டைகள் எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். வண்டி தன் முழு எடையோடு தன் சக்கரத்தில் நிற்கிறது, அதேசமயம் நீங்கள் அடியில் கை விட்டு ஸ்பேனர் பிடிக்கும் உயரமும் கிடைக்கிறது. பானெட் பக்கம் நாலைந்து தடவை அமுக்கி அமுக்கி விடுங்கள், தொங்கியிருந்த சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வந்து உட்காரட்டும். அடைகட்டைகளைத் திரும்பச் சரிபாருங்கள். இந்த நிலையில்தான் உள்பக்க போல்ட்டையும் ஸ்டெபிலைசர் நட்டுகளையும் முழுவதும் முறுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அலட்டல் என்றால், கணக்கைப் பாருங்கள். ஆர்ம் 30 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் தொங்கும்போது அதன் வெளிமுனை 8 செ.மீ. கீழே இறங்கியிருந்தால், வண்டி தரையில் நிற்கும் நிலையிலிருந்து ஆர்ம் சுமார் 15 டிகிரி திரும்பியிருக்கிறது. அந்த நிலையில் போல்ட்டை முறுக்கினால், ரப்பர் அதைத்தான் தன் ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கிய நொடியிலேயே அது 15 டிகிரி முறுக்கிக்கொள்ளும், வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும், ராத்திரியெல்லாமும். பள்ளத்தில் விழும்போது அதற்கு மேலும் முறுக்க வேண்டும். எத்தனை நாள் தாங்கும்? என் புஷ் ஐந்து மாதம் தாங்கியது.

சில வண்டிகளில் கட்டை வைத்தும் ஸ்பேனர் எட்டாது. அப்போது வண்டியை ஸ்டாண்டிலேயே விட்டு, ஆர்மின் வெளிமுனையில் பால் ஜாயிண்ட்டுக்குப் பக்கமாக ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்கத்து எடையை ஆர்ம் தாங்குகிற வரைக்கும், அதாவது வண்டி ஸ்டாண்டிலிருந்து நூல் கிளம்பப் போகிற வரைக்கும் ஏற்றி, அந்த நிலையில் முறுக்கலாம். ஸ்டாண்டை மட்டும் எடுத்துவிட வேண்டாம். இதற்கு முன்னால், டயர் தரையில் நிற்கும்போது வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து வைத்திருந்தால், அதே அளவுக்கு ஏற்றினால் கச்சிதமாக இருக்கும்.

எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை உங்கள் வருட மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்து முறுக்குங்கள், பக்கத்து வீட்டு வண்டிக் கணக்கு வேண்டாம். பழைய கையேடுகளில் கிலோகிராம் மீட்டர் என்று போட்டிருக்கும், இப்போதைய டார்க் ரெஞ்சில் நியூட்டன் மீட்டர் இருக்கும். கையேட்டில் உள்ள எண்ணை 9.8 ஆல் பெருக்கினால் சரியாக வரும். கோட்டர் பின் ஓட்டை நேரே வரவில்லை என்றால் நட்டைப் பின்னால் இளக்காதீர்கள், கையேட்டில் கொடுத்திருக்கும் எல்லைக்குள் இன்னும் கொஞ்சம் முன்னால் முறுக்கி நேராக்குங்கள். பழைய பின்னைத் திரும்ப மாட்டுகிற கஞ்சத்தனம் வேண்டாம்.

முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டு மேலும், நட்டிலிருந்து பாடி வரை நீளும்படி வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் தெருவுக்குள்ளேயே மெதுவாக, பிரேக் முன்னும் பின்னும். அப்புறம் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டி வள்ளியூர் போகிற நேர்ப்பாதையில் ஸ்டீரிங்கை லேசாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் போனால் பயப்பட வேண்டாம், ஆர்மைக் கழற்றி மாட்டினால் அலைன்மெண்ட் கொஞ்சமாவது மாறத்தான் செய்யும். அன்றைக்கோ மறுநாளோ அலைன்மெண்ட் கடைக்குப் போய்விடுங்கள், புஷ் மாற்றியிருக்கிறது என்று சொல்லியே விடுங்கள். புஷ் மாற்றும் முன்னால் அலைன்மெண்ட் செய்வது காசை ஆற்றில் போடுகிற வேலை. ஆடிக்கொண்டிருக்கிற ஆர்மை வைத்து எந்த அளவைப் பிடிக்க முடியும்?

புது ரப்பர் என்பதால் முதல் சில நாள் வண்டி கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், அது பழகிவிடும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை குனிந்து டார்ச் அடித்து அந்த வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள். எங்காவது கோடு உடைந்து நட்டு விலகியிருந்தால் பனங்கட்டையை எடுத்துப் போட்டு, வண்டியை அதன் மேல் நிறுத்தி, திரும்ப முறுக்குங்கள். அவசரத்துக்கு ஜாக்கி மட்டும் போட்டு, தொங்கவிட்டு முறுக்கினால் அண்ணாச்சி மறுபடி அதே கேள்வியைத்தான் கேட்பார்.